படகில் எட்டு நிமிடம்

லிஃப்டின் அபாய மணி அலற ஆரம்பித்தபோது அவர் இடது கன்னத்தை மட்டும்தான் மழித்து முடித்திருந்தார்.

"ஏங்க, உங்க மூத்த பிள்ளை கத்துது, காதுல விழலையா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினாள் மனைவி.

"விழுது."

மூத்த பிள்ளை என்று அவள் சொன்னது லிஃப்டைத்தான். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், கம்பெனிக்கு யாராவது போன் செய்துகொண்டு இருப்பார்களா? நேராக இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். காய்ச்சலா, ஞாயிற்றுக்கிழமையா, கல்யாண நாளா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கோ ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாளும் சேர்ந்தே வந்திருந்தன. இருபத்தேழாவது கல்யாண நாள்.

வலது கன்னத்து நுரையோடு மொட்டைமாடிக்கு ஓடினார். இயந்திர அறையைத் திறந்து மெயின் சுவிட்சை அணைத்தார். பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். இரும்புக் கயிற்றில் அவரே பூசிவைத்த மஞ்சள் அடையாளம் சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்து சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் அவர் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன். மடியில் ஒரு பூங்கொத்து. கக்கத்தில் ஒரு பை.

"கல்யாண நாள் வாழ்த்துகள் மாமா!" என்று உட்கார்ந்தபடியே பூங்கொத்தை நீட்டினான். "உங்க முகத்துல பாதி நுரை இருக்கு."

"ம். வாங்க."

அவருக்குப் பையனை ரொம்பப் பிடிக்கும். வாய் ஓயாமல் பேசுவான். அதனால் இவர் பேசவேண்டிய அவசியமே வராது. பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, கீறல் நீக்கி, புதுசாக்கித் தருகிற ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை. மகளுக்கும் அவனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம்.

படியேறும்போது, மாப்பிள்ளை பையைத் தட்டிக் காட்டி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்க்கலாம். உங்க படம் மாமா! உங்க வீட்டுல வருஷா வருஷம் பார்ப்பீங்களே, அதே படம். ரெண்டு வருஷமா நாங்க அதைத்தான் சுத்தம் பண்ணிட்டிருந்தோம். அத்தைக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு மூச்சு விடலை."

"அதான் வீட்டுல இருக்கே."

"அது எட்டு நிமிஷம் ஃபுட்பால் மேட்ச் ஓடுற காப்பி. இது பழைய தியேட்டர் ஒண்ணுல கிடைச்ச பிரிண்ட், முழுப் படம். அந்த எட்டு நிமிஷமும் சேர்த்து!"

அவர் படியில் அப்படியே நின்றுவிட்டார். கால் மணி நேரத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால், மாப்பிள்ளையை மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவிலேயே சாயங்காலம்வரை பத்திரமாக வைத்திருந்திருப்பார்.

அவர் ஏன் இப்படி அரண்டுபோனார் என்றால், அதற்கு அவருடைய கல்யாணமான முதல் வருடத்துக்குப் போகவேண்டும்.

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் மௌனசாமி. மோட்டார், பிரேக், கதவு இவற்றோடு மட்டும்தான் அவர் நாலு வார்த்தை பேசுவார் என்று உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "ஒரு வார்த்தைக்கு மேல பேசினா உங்களுக்கு வரி போடுறாங்களா?" என்று மனைவியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மகள் பிறந்த அன்று, நர்ஸ் வெளியே வந்து "பொண்ணு பொறந்திருக்கா, ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றபோது, அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது "சரி" மட்டும்தான். கண்ணிலிருந்து வந்தது வேறு. அதை நர்ஸ் பார்த்தாள். அறைக்குள் இருந்த மனைவி பார்க்கவில்லை.

மனைவிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணமாகி நான்காவது மாதம், அந்தப் படத்தை டிவியில் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் குதித்த குதி அவருக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்று அவளுக்கு மதிய வேலை. "மறக்காம கேசட்ல பதிவு பண்ணி வைங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் டிவி எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஒழுங்காகப் பதிவு செய்தார். பதிவு செய்த நேரத்தில் படத்தைப் பார்த்தாரா என்றால், இல்லை. மிக்ஸியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் கால்பந்து இறுதிப் போட்டி. அதையும் பதிவு செய்ய ஆசைப்பட்டு அவசரத்தில், பாதிவரை மட்டும் பின்னோக்கிச் சுற்றியிருந்த ஒரு கேசட்டைச் செருகினார். எட்டு நிமிடம் கழித்துத்தான் செருகியது எந்தக் கேசட் என்று பார்த்தார். பார்த்ததும் பேயறைந்தவர்போல ஆகிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி டீயும் கையுமாகப் படம் பார்க்க உட்கார்ந்தாள்.

படத்தின் கதை சின்னதுதான். ஆற்றங்கரையில் ஓர் ஊர். பள்ளிக்கூடம் அக்கரையில். படகு விடுகிறவரின் மகன், பதினேழு வயது, பள்ளிக்கூடத்துக் கடைசி வருடம். பாலம் கட்ட வந்த என்ஜினீயரின் மகள் அதே வகுப்பில் வந்து சேருகிறாள். தினமும் காலையில் அவன்தான் அவளை அக்கரைக்குக் கொண்டுபோகிறான். ஆற்றில் தூண்கள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. பாலம் முடிந்தால் படகுக்கு வேலை இல்லை. அவள் அப்பாவுக்கும் அந்த ஊரில் வேலை இல்லை. பையன் தூண்களை எண்ணிக்கொண்டே இருக்கிறான். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் நாலாவது தூண்மேல் கல்லை விட்டு எறிந்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறான். அந்த இடத்தில் மனைவி சிரித்துக்கொண்டே அழுததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார்.

அப்புறம் மழை. படகில் அந்தப் பெண்ணும் பையனும் மட்டும். அவள் குடையை விரிக்கிறாள். கரை விலகுகிறது...

"கோ...ல்!" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. வெறுமனே பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல் மௌனசாமியின் வாய் தானாகத் திறந்தது.

"நான் இதைத் தியேட்டர்ல பார்த்திருக்கேன். இந்த இடத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும். சொல்லவா?"

முழுப் பொய். அவர் அந்தப் படத்தின் போஸ்டரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணப் பேச்சின்போது மாமியார் "எங்க பொண்ணு சினிமா தியேட்டர் வாசப்படியை மிதிச்சதில்லை" என்று பெருமையாகச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. இவளுக்கு ரேடியோவில் பாட்டு கேட்டு வந்த ஆசையாக இருக்கும், மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று துணிந்துவிட்டார்.

கதவோரம் சாத்தியிருந்த குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். துடுப்புக்குப் பதிலாக ஒட்டடைக் கம்பு.

"நடு ஆத்துல பையன் துடுப்பு போடுறதை நிறுத்திடுறான்" என்று ஆரம்பித்தார். "நிறுத்திட்டு, அவகிட்ட சொல்றான்... எனக்குப் பேச வராது. ஒரு வார்த்தை சொல்லணும்னா மூணு நாள் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்குவேன். அதுக்குள்ள நீ வேற எதையோ பேசிட்டிருப்பே. நீ ஏறினதும் படகு ஒரு விரல் அளவு தாழுது. நீ இறங்கினதும் மேல வந்துடுது. லேசா இருக்கு. அந்த லேசுதான் எனக்குப் பிடிக்கலை."

எங்கிருந்து வந்தது இதெல்லாம்? அவருக்கே தெரியவில்லை. எட்டு நிமிடமும் பேசினார். கால்பந்து முடிந்து படம் திரும்பி வந்தபோது, திரையில் படகு அக்கரையில் நின்றது. பையன் தொப்பலாக நனைந்திருந்தான். பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியது!

மனைவி நெடுநேரம் குடையை மடக்கவில்லை. பிறகு, "நல்லா இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து, கல்யாண நாள் வந்தால் அந்தப் படம். அந்த இடம் வந்ததும் டிவியின் குரல் அடைக்கப்படும். குடை அவளுக்கு, ஒட்டடைக் கம்பு அவருக்கு. வசனம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வந்தது. மகள் பிறந்த வருடம், பையன் அந்தப் பெண்ணிடம், "உன் கண்ணு ரெண்டும் தூக்கத்துக்குக் கெஞ்சுது. நீ படு, நான் பார்த்துக்கறேன்" என்றான். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வருடம், "நீ இல்லாத அந்த ஒன்பது நாள்ல நான் ஒரு நாள்கூட விளக்கைப் போடலை" என்றான். விவரம் தெரிய ஆரம்பித்த மகள் சும்மா இருப்பாளா?

"ஏம்பா, ஸ்கூல் படிக்கிற பொண்ணுகிட்ட போய் எதுக்கு 'முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு கேக்கறான்?"

"அவ ஓட்டப் பந்தயம் ஓடுறவ."

"போன வருஷம் இந்த வசனம் இல்லையே?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

இன்னொரு வருடம், பையன் லிஃப்டின் கவுன்ட்டர் வெயிட்டைப் பற்றியே பேசிவிட்டான். லிஃப்ட் மேலே போகும்போது கீழே இறங்கி, கீழே வரும்போது மேலே ஏறி, யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாகப் பாரத்தைத் தாங்குமே, அந்த இரும்புக் கட்டி. "அது இல்லேன்னா என்னால ஒரு மாடி ஏற முடியாது. எனக்கு அது நீதான்" என்றான் படகுக்காரப் பையன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

படத்தை அதற்குப் பிறகு எந்த டிவியிலும் போடவில்லை. நெகட்டிவ் தீயில் போய்விட்டது என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர் நாட்டிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் மகள் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். "ஃபுட்பாலை வெட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றுவிட்டாள் மனைவி.

இப்போது, தீயில் போன படம் மாப்பிள்ளையின் கக்கத்தில் வந்து நிற்கிறது.

"மாப்பிள்ளை" என்றார் அவர், படியில் நின்றபடி. "இன்னிக்கு வேணாமே."

"ஏன் மாமா?"

ஏன் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் என்றால் பேச வேண்டும். அவர் மென்று விழுங்குவதற்குள் மேலேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம்? அப்பா, என்ன இது, அரைக் கன்னம்? அம்மா, இங்க வந்து பாரேன்!"

மனைவியும் வந்து பார்த்தாள். மாப்பிள்ளைக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. பையைத் திறந்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான்.

மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள். "முழுசாவா? எல்லாமேவா?"

"எல்லாமே, அத்தை."

அவள் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக மீதிக் கன்னத்தை மழிக்கப் போய்விட்டார். கண்ணாடியில் தெரிந்த முகம், கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம். இருபத்தேழு வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன பொய் இது ஒன்றுதான். ஆனால் ஒன்றை வருடா வருடம் சொன்னால் அது எத்தனை ஆகும்? படத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடமே அந்த எட்டு நிமிடம்தான் என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லியிருக்கிறாள். அப்படி ஓர் இடமே படத்தில் இல்லை என்று இன்று மூன்று மணிக்கு அவளுக்குத் தெரியப்போகிறது. இத்தனை வருடமும் நம்மை வைத்து விளையாடியிருக்கிறார் இந்த மனுஷர் என்று நினைக்கமாட்டாளா? அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னால்தான் நம்புவாள்?

வெட்டிக்கொண்டார். கன்னத்தில் ரத்தம்.

மதியச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. மூன்று மணிக்கு மாப்பிள்ளை லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். ஜன்னல் திரைகளை மகள் இழுத்துவிட்டாள். படம் ஆரம்பித்தது.

முதல் காட்சியிலேயே மனைவி "ஐயோ" என்றாள். கேசட்டில் சாம்பலாக ஓடிய ஆறு, இங்கே பச்சையாக ஓடியது. பையனின் மோவாயில் இரண்டு பருக்கள் தெரிந்தன. பெண்ணின் புத்தகப் பையில் மை கொட்டிய கறை தெரிந்தது. கரையில் துணி துவைக்கிறவர்கள், தூரத்தில் பாலத்து வேலையாட்கள், எல்லாரும் யாரோ துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தார்கள்.

"இவனுக்குப் பரு இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள் மனைவி. "பாவம், அதான் அவ பக்கத்துல வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

"நான் அவன் திமிர் பிடிச்சவன்னு நினைச்சேன்" என்றாள் மகள்.

"பதினேழு வயசுல திமிர் ஏதுடி? எல்லாம் பருதான்."

ஒவ்வொரு வசனத்தையும் அவள் அரை நொடி முன்னதாக முணுமுணுத்தாள். பையன் அந்தப் பெண்ணுக்காக ஒத்திகை பார்த்த கணக்கைப் பலகையில் தப்பாகப் போட்டு அசடு வழிந்தபோது, வழக்கம்போல "அடப்பாவி" என்றாள். மூன்றாவது தூண் எழும்பியபோது, வழக்கம்போலக் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முழங்கை வியர்த்திருந்தது.

நாலாவது தூண். பையன் கல்லை எடுத்தான். எறிந்தான். திரும்பிப் பார்த்தான்.

அவர் எழுந்தார். "மூத்த பிள்ளையை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பவா? உங்க சீன் வரப்போகுதுங்க!"

"ரெண்டு நிமிஷம்."

வாசல் கதவுக்கு வெளியே சுவரில் மின்பெட்டி. அவர் நின்றார். உள்ளேயிருந்து மழைச் சத்தம் கேட்டது. முப்பது வருடமாக, நின்றுபோனதை ஓடவைத்துச் சம்பளம் வாங்கிய விரல் அது. ஓடுகிறதை நிறுத்த முதல்முறையாக நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைக் கீழே தட்டினார்.

டிவி அடங்கியது. மின்விசிறி அடங்கியது. அவர் மூச்சு விட்டார்.

"கரண்ட் போயிடுச்சு! பரவால்ல அத்தை" என்றது மாப்பிள்ளையின் குரல். "லேப்டாப்ல பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். எல்லாரும் கிட்ட வாங்க. மாமா, எங்க போனீங்க? சீக்கிரம்!"

திருதிருவென்று விழித்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று பேரும் மேஜைமேல் இருந்த லேப்டாப்பைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி சற்று நகர்ந்து இடம் கொடுத்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சின்னத் திரை. மிகவும் பக்கத்தில். தப்பிக்க வழியே இல்லை.

"இந்த சீனுக்குத்தான் நான் உயிரை விட்டேன்" என்றான் மாப்பிள்ளை. "படச்சுருள் முழுக்கக் கோடு கோடா கீறல். மழையும் கோடுதானே? எது மழை, எது கீறல்னு ஒவ்வொரு ஃபிரேமா பார்த்துப் பிரிக்கவே ஒரு மாசம் ஆச்சு. தெரியாம நிஜ மழையையும் கொஞ்சம் துடைச்சிட்டேன். மறுபடி கொண்டுவந்து வெச்சேன்."

"பேசாம இருடா, வசனம் கேக்கட்டும்" என்றாள் மகள்.

"வசனமா? இந்த சீன்ல வசனமே கிடையாதே! அதுக்காகத்தானே எல்லாரும் இந்தப் படத்தைத் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. எட்டு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது."

மகள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பா?"

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மனைவியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

திரையில் மழை. நடு ஆற்றில் படகின் அடிப்பலகையில் நீர் கசிந்து ஏற ஆரம்பித்தது. அந்தப் பெண் பையனைப் பார்த்தாள். பையன் துடுப்பை விட முடியாமல் திணறினான். அவள் குடையை அவன் தலைக்குமேல் ஒரு நொடி பிடித்தாள். காற்று அதைப் புரட்டிப் போட்டது. பிறகு பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, உள்ளே இருந்ததை ஆற்றில் கொட்டிவிட்டு, அந்த டப்பாவால் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். அவன் துடுப்புப் போட, அவள் இறைக்க, அவன் போட, அவள் இறைக்க. இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. பாட்டு இல்லை, இசை இல்லை. துடுப்பு, டப்பா, மழை. ஒரு கட்டத்தில் பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பருக்கள் இருப்பதையே அவன் மறந்துவிட்டான்.

எவ்வளவு அழகாக இருக்கிறது! இதற்குப் பதிலாகவா முட்டி வலியும் கவுன்ட்டர் வெயிட்டும் பேசினோம் என்று நினைத்தபோது, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

படகு கரை சேர்ந்தது. மகள் வாயைத் திறந்தாள். "அப்போ, அப்பா, நீங்க இத்தனை வருஷமா..."

"படம் ஓடட்டும்டி" என்றாள் மனைவி, திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே.

ஓடியது. ஆறாவது தூணும் எழும்பியது. திறப்பு விழா அன்று ஊரே பாலத்தின்மேல் நடந்தது. அந்தப் பெண்ணும் நடந்தாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகளோடு. பையன் மட்டும் காலிப் படகோடு ஆற்றில். அவள் மேலே, அவன் கீழே. படகு பாலத்தின் நிழலுக்குள் நுழைந்தது. நிழலுக்குள் போகும்போது பையனாக இருந்தவன், மறுபக்கம் வெயிலில் வெளியே வந்தபோது ஆளாகியிருந்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை. இருந்தாலும் ஆளாகியிருந்தான். அதை எப்படி எடுத்தார்களோ!

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மகள் மாப்பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். "என்னடா இப்படிப் பண்ணி வெச்சிருக்கே!" அது பாராட்டு.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் வெளியே போய் சுவிட்சை மேலே தட்டிவிட்டு வந்தார். மின்விசிறி சுற்றியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. சமையலறை வாசலில் போய் நின்றார்.

அவள் அடுப்பில் டீத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"ம்."

இன்று அவள்தான் ஒரு வார்த்தைக்காரி.

"இந்தப் படத்தை நான் தியேட்டர்ல பார்த்ததே இல்ல. அன்னிக்கு உன் மூஞ்சியைப் பார்த்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம வாய்க்கு வந்ததை உளறிட்டேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை. எல்லாம் நானே இட்டுக்கட்டினது. கரண்ட்டை நிறுத்தினதும் நான்தான்."

"தெரியும்."

"சுவிட்ச் சத்தம் கேட்டுச்சா?"

"அதுவும் கேட்டுச்சு. நான் சொன்னது மத்ததை." அவள் நாலு கோப்பைகளை வரிசையாக வைத்தாள். "முதல் நாளே தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. "எப்படி?"

"நாலு தடவை பார்த்திருக்கேன், தியேட்டர்ல. ஸ்கூல்ல கடைசி வருஷம். நானும் என் சிநேகிதியும் தையல் கிளாஸ் போறோம்னு சொல்லிட்டு..."

"உங்கம்மா, தியேட்டர் வாசப்படியைக்கூட..."

"அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. போன் பண்றப்ப உளறி வெச்சிடாதீங்க. எனக்கு ஏன் இன்னும் ஒரு பித்தான்கூடத் தைக்க வரலைன்னு அவங்க இப்பவும் அந்த டீச்சரைத்தான் திட்டிட்டிருக்காங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ, படகுல யாரும் பேச மாட்டாங்கன்னு..."

"அதைப் பார்க்கத்தானே நாலு தடவை போனேன்? டப்பாவால தண்ணி இறைக்கிறது, துடுப்புச் சத்தம், எல்லாம் எனக்கு மனப்பாடம்."

டீ பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள். கூடத்தில் மகளும் மாப்பிள்ளையும் எதற்கோ சிரித்தார்கள்.

"இருபத்தேழு வருஷம்!" என்றார் அவர். பயம் போய், அந்த இடத்தில் லேசாகக் கோபம்கூட வந்திருந்தது. "ஒட்டடைக் கம்பை வெச்சுக்கிட்டு முட்டி வலியைப் பத்திப் பேசியிருக்கேன். ஒரு தடவையாவது, 'போதும் நிறுத்துங்க, இதெல்லாம் படத்துல இல்ல'ன்னு நீ சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லலை?"

அவள் டீயை வடிகட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நீங்க என்கிட்ட பேசுறதுக்குன்னு வருஷத்துல எனக்கு இருந்ததே அந்த எட்டு நிமிஷம்தானேங்க!"